வாயைப் பார்த்துக் கேட்பவள்

செம்பூர், மும்பை
18 ஜூன் 2023

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இங்கே நானும், நீ நோயோடு ஊருக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன உன் மகள் ஜெபாவும் சுகம். மழை தொடங்கியதும் என் முழங்கால் வழக்கம் போல வலிக்கிறது. மற்றபடி குறை இல்லை. உனக்கு இருமல் முற்றிலும் நின்றுவிட்டதா? காசநோய் மாத்திரைகள் முடிந்துவிட்டன என்பதற்காகச் சத்தான சாப்பாட்டை நிறுத்தாதே. உன் தம்பி வீட்டில் முட்டை கொடுக்கிறார்களா என்று எழுது.

உன் போன கடிதத்தின் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இதனுடன் வைத்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு செய்தி. சீத்தா கேம்பிலிருந்து என்னிடம் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த பைசானை உனக்கு நினைவிருக்கும். இப்போது ஐரோலியில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் வேலை செய்கிறான். ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காகக் குழந்தைகள் படம் ஒன்று எடுக்கிறார்களாம். கார்ட்டூன்களில் எப்போதும் ஒரே நிறத்துப் பிள்ளைகளே வருகிறார்கள், இனி எல்லாப் பிள்ளைகளும் திரையில் தங்களைப் பார்க்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. இந்த முறை கதாநாயகி தாராவியில் வளரும் ஒரு தமிழ்ப் பெண். பெயர் தங்கமயில். வசனத்தில் தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பைசான் என்னைத் தேடி வந்தான்.

அவன் உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் காய்கறிக்காரரோடு உன் மகள் சண்டை. "என்னண்ணே, நேத்து அழுகுன தக்காளிய தலையில கட்டிட்டு இன்னிக்கி பல்லக் காட்டுதீங்க. ஷரம், வெக்கம் இல்லையா உங்களுக்கு?" என்கிறாள். காசநோய் ஊசியில் உன் காது போனதிலிருந்து அவளுக்கு வந்த பழக்கம் உனக்கே தெரியும். ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் வரைந்து காட்டுவது போலப் பேசுகிறாள். புருவம், கன்னம், அந்தத் தூக்கின பல், எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. நான் எத்தனை முறை கண்டித்தும் அடங்கவில்லை. பைசான் டீயை ஆறவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், இந்தப் பிள்ளதான் தங்கமயிலு. வேற யாரயும் தேட வேண்டாம்" என்றான்.

முதலில் குரலைப் பதிவு செய்வார்களாம். பேசும் முகத்தை வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வாயை வரைவார்களாம். ஆக, குரலும் முகமும் ஜெபாவுடையவை. சம்மதமா என்று எழுது. போன் உனக்குக் கேட்காது; வீடியோவில் உதடு விட்டுவிட்டு வருகிறது என்கிறாய்; ஜெபாவுக்குத் தமிழ் வாசிக்கவும் எழுதவும் வராது. எனவே உங்கள் இருவருக்கும் நடுவே என் பேனா ஒன்றுதான் இருக்கிறது.

உன்னிடம் சொல்லச் சொல்லி ஜெபா நிறையப் பேசினாள். விசேஷமாக ஒன்றும் இல்லை. சுகமாக இருக்கிறாள்.

அன்புடன்,
எமிலி ஞானராஜ்


திசையன்விளை
2 ஜூலை 2023

கர்த்தருக்குள் பிரியமான மதினிக்கு,

புஷ்பம் எழுதும் கடிதம். தேவ கிருபையால் நான் சுகம், தம்பி வீட்டிலும் எல்லோரும் சுகம். முட்டை உண்டு. இருமல் இல்லை. உங்கள் முழங்காலுக்காகக் கோயிலில் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் திருத்தி அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதிலும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் சரியாகத்தான் வாசித்தேனா என்று எனக்கே சந்தேகம். தம்பி மனைவியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி அவள் வாயைப் பார்த்தேன். அப்புறம்தான் நம்பினேன்.

தாராவியில் இருந்தபோது ஜெபா கார்ட்டூன் பார்த்துக்கொண்டே ஒருநாள் என் பக்கம் திரும்பி, "எம்மா, இவங்க வாய் பேசுகதுல உனக்கு ஏதாச்சும் புரியுதா?" என்று கேட்டாள். எனக்குப் புரியாது மதினி. மனுஷர் நடிக்கிற படம் என்றால் பாதியாவது புரியும். கார்ட்டூன் வாய் சும்மா திறந்து திறந்து மூடும். அன்றைக்கு அவளும் டிவியை அணைத்துவிட்டாள். இப்போது அவள் வாயைப் பார்த்தே வரைகிறார்கள் என்றால், எனக்கும் கேட்கிற முதல் கார்ட்டூன் அதுதான். தமிழில் பேசினாலும் இந்தியில் பேசினாலும் சரி. தாராவியில் இருந்த இருப்பில் இந்தி வாயும் எனக்குப் பழக்கம்.

எனக்குப் பூரண சம்மதம். நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

இதை மட்டும் அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள் மதினி: "ஏட்டி ஜெபா, யாராச்சும் உம் பல்லப் பாத்துச் சிரிச்சா கையக் கொண்டு வாயப் பொத்தாத. நீ வாயப் பொத்துனா அம்மைக்கு ரெண்டாம் தடவ காது போன மாதிரி. நல்லா வாயத் தொறந்து பேசு மக்ளே."

உங்கள் சரீர சுகத்துக்காக ஜெபிக்கும்,
தங்கபுஷ்பம்


செம்பூர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள புஷ்பம்,

சுகம்தானே? இங்கே இருவரும் சுகம். ஜெபாவுக்கு மூன்று நாள் ஜலதோஷம் இருந்து சரியாகிவிட்டது.

ஐரோலிக்கு அவளை நானே அழைத்துப் போய் வருகிறேன். ஒரு கண்ணாடி அறையில் தனியாக நிற்க வைக்கிறார்கள். முதல் நாள் மைக்கைச் சோதிக்க ஏதாவது பேசச் சொன்னார்கள். வேறு பிள்ளைகளாக இருந்தால் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லியிருக்கும். உன் மகள் கண்ணாடியைப் பார்த்து, "எம்மா, கேக்குதா? எம்மா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். பைசான் சிரிக்கவில்லை. அதைத்தான் முதலில் வரைந்து பார்த்தானாம். வாய் அசைவு மிக நன்றாக வந்திருக்கிறதாம்.

என்னைப் படத்தின் கலாச்சார ஆலோசகராக நியமித்திருக்கிறார்கள். தமிழர் வாழ்க்கை சரியாகக் காட்டப்படுகிறதா என்று சொல்வது என் பொறுப்பு. டைட்டிலில் என் பெயர் வரும். டைரக்டர் ஹரிகிருஷ்ணன் மாட்டுங்கா பையன், மரியாதை தெரிந்தவர்.

பைசான் வரைந்த தங்கமயிலைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. கரி போல ஒரு பெண். தூக்கின பல். சாக்கடை ஓரத்தில் வீடு. அம்மா தெருவில் வடை சுடுகிறாள். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் பிள்ளையும் இதைப் பார்த்து, தமிழர் என்றால் இப்படித்தான் என்று நினைக்கும். "டீச்சர், ஜெபா இப்படித்தான இருக்கா, அழகாத்தான இருக்கா" என்கிறான் பைசான். ஜெபா அப்படி இருப்பது வேறு விஷயம். ஒரு சமூகத்துக்கு முகமாக வைப்பது வேறு விஷயம். இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

பல்லைப் பற்றி நீ எழுதியதை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. இல்லாத கூச்சத்தை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்? வாயை அடக்கிப் பேசு என்று மட்டும் சொன்னேன்.

அவள் உனக்குச் சொன்னதில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

அன்புடன்,
எமிலி ஞானராஜ்


செம்பூர்
28 ஆகஸ்ட் 2023

திரு. ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தமிழ் ஆலோசகர் தமிழில்தான் எழுத வேண்டும் என்பதாலும், போனில் சொன்னது காற்றோடு போய்விடும் என்பதாலும் இந்தக் கடிதம்.

பம்பாயில் நான் கான்வென்டில் படித்த காலத்தில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் மதராசி. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் எனக்கு ஒட்டகக்காரன் வேஷம். முகத்தில் வேறு கரி பூசுவார்கள், எனக்கு அது தேவையே இல்லை என்று சொல்லிச் சிரித்தபடி. மேரியின் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு வருஷம்கூட அது என்னிடம் வரவில்லை. இப்போது உலகம் திருந்திவிட்டது, உங்களுக்கும் இடம் தருகிறோம் என்கிறீர்கள். தந்திருப்பது அதே ஒட்டகக்காரன் வேஷம்தான்.

தமிழ்ப் பெண்ணைக் காட்டுவதானால் மாநிறமாக, தலை பின்னி, பூ வைத்து, மாட்டுங்காவில் ஒரு நல்ல வீட்டில், நல்ல பள்ளியில் படிப்பவளாகக் காட்டுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை இதுவரை எந்தப் படமும் காட்டியதில்லை.

ஜெபசெல்வி என் கணவரின் தங்கை மகள். அவளுக்கே பாதகமாக இதை எழுதுவதால், சொந்தக்காரப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுடைய பேச்சு சந்தைப் பேச்சு. நீங்கள் மாற்றும் கதாநாயகிக்கு அது பொருந்தாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
எமிலி ஞானராஜ்


ஐரோலி, நவி மும்பை
25 செப்டம்பர் 2023

மதிப்பிற்குரிய எமிலி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பதிலுக்குத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

தங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினோம். முதலில் அவர்கள் தாராவிப் பெண்ணை மாற்றக் கூடாது என்றுதான் சொன்னார்கள். பிறகு, தமிழ்ச் சமூகத்தின் சார்பில் ஒரு மூத்த பெண்மணியே எதிர்க்கும்போது வற்புறுத்துவது அழகல்ல என்று ஒப்புக்கொண்டார்கள். தங்கமயில் இனி தாங்கள் சொன்னபடி இருப்பாள். குரலுக்கு சீரியலில் நடிக்கும் ஒரு சிறுமியை ஏற்பாடு செய்திருக்கிறோம். பைசான் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்.

ஒரு வேண்டுகோள். ஜெபசெல்வியை வைத்து வரைந்து முடித்த முகமும் வாய் அசைவுகளும் நிறைய இருக்கின்றன. வீணாக்க மனமில்லை. கதையில் காக்கா என்று ஒரு திருட்டுப் பெண்ணைச் சேர்த்திருக்கிறோம். காக்கைக் கூட்டத்தை ஏவித் தங்கமயிலின் பொருட்களைத் திருடுவாள். கடைசியில் குப்பை லாரியில் விழுவாள். பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பாக இருக்கும். அந்த முகத்தைக் காக்காவுக்குக் கொடுத்துவிடுகிறோம். ஜெபசெல்வி இன்னும் சில நாட்கள் வந்து சிரித்தும் கத்தியும் கொடுத்தால் போதும். காக்கா பெரும்பாலும் இந்தியில்தான் பேசுவாள். எனவே அவள் தமிழ்ப் பெண் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பாதுகாவலர் என்ற முறையில் தங்கள் சம்மதம் வேண்டும்.

பணிவுடன்,
ஹரிகிருஷ்ணன்


செம்பூர்
14 ஜனவரி 2024

அன்புள்ள புஷ்பம்,

கர்த்தருடைய பெயரால் புத்தாண்டு வாழ்த்துகள். உன் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. பதில் எழுத இயலவில்லை. கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது தெளிவாகத் தெரிகிறது. நீ எப்படி இருக்கிறாய்? பனிக்காலத்தில் மார்பை மூடிக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு ஜெபாவை அனுப்ப முடியவில்லை. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அவள் ஏமாந்துபோனாள், நானும்தான்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லபடியாக நடக்கிறது. சில மாறுதல்கள் செய்திருக்கிறார்கள். தங்கமயில் இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறாள். அவள் பள்ளிச் சீருடையின் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். ஜெபா தன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாள். கடைசி நாட்களில் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். "அத்தை, அம்மைக்கு எழுதுங்க, அம்மைக்கு எழுதுங்க" என்று என் பின்னாலேயே வந்தாள். பிள்ளைகள் அப்படித்தான். படத்தில் அவள் இருக்கிறாள். அது போதாதா?

தங்கமயிலின் படத்தை அனுப்பச் சொன்னாய். வெளியாகும் வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று கம்பெனியில் கட்டுப்பாடு.

ஜெபா சொன்னதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சுகமாக இருக்கிறாள்.

அன்புடன்,
எமிலி ஞானராஜ்


திசையன்விளை
7 ஏப்ரல் 2024

கர்த்தருக்குள் பிரியமான மதினிக்கு,

தேவன் உங்கள் கண்ணைக் காத்ததற்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

மே மாதம் பத்தாம் தேதி படம் வருகிறது என்று தம்பி மகன் போனில் பார்த்துச் சொன்னான். நாகர்கோவில் தியேட்டருக்கு வேன் பேசிவிட்டோம். தெருவே வருகிறது. நம் சபை ஐயர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபாவின் பேரைச் சொல்லி ஜெபித்தார். அவர் பேரைச் சொன்னதை நான் வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், "தங்கமயிலு எங்க தெருப் பிள்ள" என்று சொல்லித் திரிகிறார்கள். கறுப்பாக இருக்கிற ஒரு பிள்ளை அவர்களில் உண்டு. அவள் வந்து என் மடியில் உட்கார்ந்து, "அத்த, அந்த அக்கா நெசமாவே என்ன மாதிரியா இருப்பா?" என்று கேட்டாள். ஆமா மக்ளே என்றேன்.

லீவு விட்டதும் ஜெபாவை அனுப்புங்கள் மதினி. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். பட்டுப் பாவாடை தைத்து வைத்திருக்கிறேன்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள்: "தியேட்டர்ல எல்லாரும் காதால கேப்பாங்க. நான் உன் வாயப் பாத்துக் கேப்பேன். திரையில உன் வாய் ஒரு வீடு அளவுக்குத் தெரியுமாம். அத்தன பேருக்கும் கேக்குத நேரத்துல எனக்கும் கேக்கும்."

ஆவலோடு,
தங்கபுஷ்பம்


செம்பூர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள புஷ்பம்,

சுகம்தானே? இங்கே சுகம்.

உனக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறேன். இந்த வெயிலில் வேனில் அவ்வளவு தூரம் போகாதே. உன் நுரையீரல் தாங்காது. தெருவையும் கோயிலையும் கூட்டிக்கொண்டு போவது நமக்குப் பழக்கமில்லாத ஆடம்பரம். கொஞ்ச நாளில் டிவியிலேயே போடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெபாவை இந்த லீவில் அனுப்ப இயலாது. ஆங்கில வகுப்பில் சேர்த்திருக்கிறேன்.

எனக்கு முதல் காட்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. உன் அண்ணன் வாங்கித் தந்த கறுப்புக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அவர் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

அன்புடன்,
எமிலி ஞானராஜ்


திசையன்விளை
9 ஜூன் 2024

மதினிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதில் எழுத நாளானது.

வேனில் போனோம். ஐயரம்மாவும் வந்தார்கள். தம்பி மகனை என் பக்கத்தில் உட்கார வைத்து, ஜெபா குரல் கேட்டதும் என் கையைத் தட்டச் சொல்லியிருந்தேன்.

பூ வைத்த பிள்ளை வந்ததும் நம் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். என் கையை யாரும் தட்டவில்லை. நான் அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்தேன். திறந்தது, மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பிரிந்து இருந்ததில் அவள் வாய் எனக்கு மறந்துபோச்சோ என்று பயந்தேன். என்மேல்தான் சந்தேகப்பட்டேன் மதினி, உங்கள்மேல் இல்லை.

அப்புறம் காக்கா வந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி மகன் என் கையைத் தட்டினான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்னது ஒன்றுவிடாமல் எனக்குக் கேட்டது. இந்தியில் திட்டியது கேட்டது. திருடிவிட்டுச் சிரித்தது கேட்டது. எம் பிள்ளை அப்படிச் சிரிக்க மாட்டாள். யாரோ சொல்லிக் கொடுத்துச் சிரித்திருக்கிறாள். எதிர்வீட்டுக் கறுத்த பிள்ளை எனக்கு முன்சீட்டில் இருந்தாள். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு திரும்பவில்லை.

கடைசியில் காக்காவைக் குப்பை லாரியில் தள்ளுகிறார்கள். தலையில் சாக்கடை கொட்டுகிறது. அந்த இடத்தில் பாட்டும் கொட்டு மேளமும்தான் சத்தமாக வந்தது, அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை என்று தம்பி மகன் பிற்பாடு சொன்னான். எனக்குக் கேட்டது. "எம்மா, கேக்குதா? எம்மா, கேக்குதா?" என்றுதான் அவள் வாய் சொல்லிக்கொண்டே போனது.

நான் எழுந்து, "கேக்குது மக்ளே" என்றேனாம். எவ்வளவு சத்தமாக என்று எனக்குத் தெரியாது. தியேட்டரே திரும்பிப் பார்த்தது. எல்லோருடைய வாயும் சிரித்துக்கொண்டிருந்தது. காக்காவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பா, என்னைப் பார்த்துச் சிரித்ததா என்று வாயைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பேர்கள் ஓடின. உங்கள் பேரைத் தம்பி மகன் விரலால் காட்டினான். ஜெபா பேர் வருகிறதா என்று விளக்குப் போடுகிற வரைக்கும் நின்றேன்.

ஜெபாவை அழைத்து வரத் தம்பி புறப்பட்டு வருகிறான். அனுப்பிவிடுங்கள்.

தங்கபுஷ்பம்


செம்பூர்
16 ஜூன் 2024

அன்புள்ள புஷ்பம்,

உன் தம்பி வந்து சேர்ந்தார். நாளை ரயிலில் இருவரும் புறப்படுகிறார்கள். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நீ குற்றம் என்று எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தில் அது இருந்தது. எனவே பதில் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் முகத்துக்காக எல்லாப் பிள்ளைகளின் மானத்தையும் விட முடியாது. மாட்டுங்காவில் எத்தனை தாய்மார்கள் எனக்கு நன்றி சொன்னார்கள் தெரியுமா? தங்கள் பெண்கள் முதல் முறையாகத் திரையில் தங்களைப் பார்த்தார்கள் என்று கண் கலங்கினார்கள். நான் செய்ததை மறுபடியும் செய்வேன். உன்னிடம் முன்கூட்டியே சொல்லாதது, நீ தாங்க மாட்டாய் என்பதற்காக.

ஜெபாவை ஆங்கில வகுப்பில் சில பிள்ளைகள் கா கா என்று கூப்பிடுகிறார்கள். படம் பார்த்த வேகம். மழை நிற்பதற்குள் மறந்துவிடுவார்கள். ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. அடையாளம் தெரிவதால்தானே கூப்பிடுகிறார்கள்? பல் டாக்டரிடம் அழைத்துப் போய் அந்தப் பல்லை எடுத்துவிட்டேன். என் பள்ளியில் சிஸ்டர் எனக்குப் பழக்கியது போல, பென்சிலைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு வாசிக்க வைத்து, உதட்டை அடக்கிப் பேசவும் பழக்கிவிட்டேன். இப்போது அவள் பேசுவதைப் பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண் என்றுதான் சொல்வார்கள். எனக்கு யாரும் இவ்வளவு செய்ததில்லை.

இருந்தும் வாயைக் கையால் மூடிக்கொண்டே இருக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

இரண்டு வேளையும் பால் கொடு. திரும்ப அனுப்ப நினைத்தால் அவள் கட்டில் இங்கேயே இருக்கும்.

அன்புடன்,
எமிலி ஞானராஜ்


செம்பூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புஷ்பம்,

ஜெபா வந்து சேர்ந்ததாக உன் தம்பி போனில் சொன்னார். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டாயா? தமிழ் எழுத்து தெரியாமல் என்ன செய்கிறாள்?

எனக்கு ஒன்றும் குறை இல்லை. காய்கறிக்காரர் அவளைப் பற்றிக் கேட்டார். இப்போதெல்லாம் அழுகின தக்காளியாகவே கொடுக்கிறார். சண்டை போட எனக்கு வராது. அவளுடைய பென்சில் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தபாலில் அனுப்பவா?

நான் அவளுக்குச் செய்ததை அவள் புரிந்துகொண்டிருக்கிறாளா? என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? அவள் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. நான் வருத்தப்பட மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
எமிலி


திசையன்விளை
15 செப்டம்பர் 2024

மதினிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எப்போதும் போல ஜெபிக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைத் திருத்தி அனுப்ப வேண்டாம்.

ஜெபா வந்த அன்று வாசலில் நின்று என்னமோ பேசினாள். கை வாயில் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். மறுபடியும் பேசினாள். உதடு அசைகிறது மதினி, உங்கள் உதடு அசைகிற மாதிரியே. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்து பேசு என்றேன். திறக்கப் பார்த்தாள். பல் இருந்த இடத்துக்கு நாக்கு போனது, உடனே மூடிக்கொண்டாள். அழகாகத்தான் இருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதிர்வீட்டுக் கறுத்த பிள்ளை மட்டும் கிட்ட வரவில்லை.

சில வாரம் இருவரும் கையைக் காலை ஆட்டித்தான் பேசினோம். போன மாதம் ஒரு நோட்டில் இந்தியில் எழுத ஆரம்பித்தாள். பக்கம் பக்கமாக எழுதினாள். எனக்கு இந்தி எழுத்து தெரியாது. தம்பி வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அனுப்பினால் வாசித்து எழுதுவீர்கள் என்று தம்பி சொன்னான். நான் அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிற ஒரு பீகார்க்காரர் இருக்கிறார். பிள்ளைகுட்டிக்காரர். வெற்றிலைக்கறை படிந்த வாய், ஆனால் நன்றாகத் திறந்து பேசுவார். ஜெபா சரி என்று தலையாட்டிய பிறகு அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் வாசல் திண்டில் உட்கார்ந்து வாசித்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தேன். எம் பிள்ளை சொன்னதை எல்லாம் அந்த வாயில்தான் கேட்டேன். நடுவில் அவர் நிறுத்திவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னேன். ஜெபா எனக்குப் பின்னால் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

நீங்கள் எனக்கு எழுதாமல் விட்டது எல்லாம் அதில் இருந்தது. முதல் கடிதத்திலிருந்து.

பென்சில் பெட்டி அவளுக்கு வேண்டாமாம்.

உங்களைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் எழுதியிருக்கிறாள். நாலைந்து பக்கம் வரும். விசேஷமாக ஒன்றும் இல்லை. சுகமாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கபுஷ்பம்